பைக் ஓட்டவும் ஒரு பள்ளிக்கூடம்!



தலைப்பைப் பார்த்ததும் "இவன் பசங்களை ரேஸுக்குக் கூப்பிடுறான்" என்று தலைமையாசிரியர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள். இந்த மாதம் எனக்கு இரண்டு சார்ட் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் இடம் போதவில்லை, கடைசியில் எழுத்து பொடிசாகிவிட்டது. கிட்ட வந்துதான் படிக்க வேண்டும்.

விஷயம் எங்கள் பெரியப்பா மகனிடமிருந்து ஆரம்பிக்கிறது. அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கி விழுந்தார். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. ஆனால் காலில் ரப்பர் செருப்பு, உடம்பில் அரைக்கைச் சட்டை. விழும்போது இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிவிட்டார். இரண்டிலும் தோல் உரிந்துவிட்டது, வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஒன்றரை மாதம் பெரியம்மாதான் சோறு ஊட்டிவிட்டாங்க. வேலைக்குப் போகிற ஆள், சட்டைப் பட்டனைக்கூடத் தானாகப் போட முடியவில்லை. பல் விளக்குவதற்கும் ஆள் வேண்டும். மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட அண்ணன் இந்த வருடம் "ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டக் கத்துக்கொடுக்கிற ஸ்கூலுக்குப் போறேன்" என்றதும் வீட்டில் ஒரே ரகளை. பெரியம்மா இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில், "தம்பியும் கூட வரட்டும். அவன் பார்த்துட்டு வந்து உங்ககிட்ட சொல்லட்டும்" என்று என்னை ஜாமீனாக வைத்துத்தான் கிளம்பினார். நான் இருங்காட்டுக்கோட்டை போனது அப்படித்தான்.

தடம் எங்கே இருக்கிறது?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருங்காட்டுக்கோட்டை. பஸ்ஸில் அந்த வழியாகப் பல தடவை போயிருக்கிறேன். உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரியாது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் அது. 1990-ல் திறந்தார்கள். ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ., 12 வளைவுகள். அதற்கு முன்னால் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்குமாம். எங்கள் தாத்தா அங்கே போய்ப் பார்த்திருக்கிறாராம். நம் மாநிலத்தில் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இன்னொரு தடம் இருக்கிறது, கரி மோட்டார் ஸ்பீட்வே. அது சின்னது, சுமார் 2.1 கி.மீ.

இந்தத் தடங்களில் பந்தயம் இல்லாத நாட்களில் பயிற்சி வகுப்பு நடக்கும். உலகத்தில் ரொம்பப் பேர் பெற்றது கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல். கீத் கோட் என்கிற அமெரிக்கர் 1980-ல் ஆரம்பித்தது. 2010-ல் அது நம் சென்னைத் தடத்துக்கும் வந்து வகுப்பு எடுத்தது. சென்னையைச் சேர்ந்த பந்தய வீரர் ரஜினி கிருஷ்ணனும் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். சில பைக் கம்பெனிகளும் தங்கள் வண்டி வாங்கியவர்களுக்குத் தடத்தில் வகுப்பு வைக்கின்றன. அண்ணன் போனது ஒரு நாள் ஆரம்ப வகுப்பு.

வாசலில் முதல் சோதனை

காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டோம். எந்த வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். அங்கே முதலில் பார்த்தது ஆளின் உடுப்பை! ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வாரை இழுத்துப் பார்த்தார்கள். கையுறையை மாட்டச் சொல்லி, விரல் நுனியைப் பிடித்து உருவிப் பார்த்தார்கள். ஒருவர் போட்டிருந்த ஷூ கணுக்காலுக்குக் கீழே இருந்தது. அவரை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். வாடகை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

அதற்கப்புறம்தான் வண்டி. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டினார்கள், உடைந்தால் சில்லு தடத்தில் சிதறக் கூடாதாம். கூலண்ட் ஊற்றுகிற வண்டியில் அதை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் உண்டு, கூலண்ட் கொட்டினால் தரை வழுக்கும் என்பதால். கண்ணாடியை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்டேன். "பின்னால வர்றவன் பார்த்துப்பான், நீ முன்னால பாரு" என்றார் பயிற்சியாளர்.

இவ்வளவையும் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். தடத்தில் லாரி கிடையாது, நாய் கிடையாது, எதிரே வண்டி வராது, மணலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே இவ்வளவு கெடுபிடி. ரோட்டில் இது எல்லாமே உண்டு, நாம் செருப்போடு போகிறோம். எது ஆபத்து?

கொஞ்சம் இயற்பியல் (பயப்படாதீர்கள்)

+1 படிக்கிறவர்களுக்கு இது சுலபம். கணக்கை இயற்பியல் சாரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன்.

வண்டியிலிருந்து விழும்போது உடம்புக்கு இரண்டு வேகம் இருக்கிறது. ஒன்று கீழ்நோக்கி, இன்னொன்று முன்நோக்கி. வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர் தலை தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரம். அங்கிருந்து பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் தலை தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 20 கி.மீ. நீங்கள் 40-ல் போனாலும் 100-ல் போனாலும் இந்த 20 மாறாது. ஹெல்மெட் சோதனைச் சாலையில் ஹெல்மெட்டை இரும்பு மேல் போடுகிற வேகமும் இதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஐரோப்பியத் தரத்தில் நொடிக்கு 7.5 மீட்டர்.

இந்த 20 கி.மீ. வேகம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. வெறும் மண்டை தார் ரோட்டில் மோதினால் சில மில்லிமீட்டரில் நின்றுவிடும். 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, வேகத்தின் வர்க்கத்தை இரு மடங்கு தூரத்தால் வகுத்துப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 500 மடங்கு வரும். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தெர்மோகோல் இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதே கணக்கு 60 மடங்கு. ஹெல்மெட்டின் வேலை இதுதான்: அது நசுங்கி, தலை நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுக்கிறது. மேல் ஓடு ஒரு கூர்மையான கல்லின் அடியைக்கூட அகலமாகப் பரப்பிவிடும். மற்றதெல்லாம் அந்த வெள்ளைத் தெர்மோகோல்தான்.

ஒரு தடவை நசுங்கிய தெர்மோகோல் திரும்ப எழாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். அதனால்தான் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, யாரோ போட்ட பழைய ஹெல்மெட்டை வாங்கக் கூடாது என்கிறார்கள்.

அடுத்தது முன்நோக்கிய வேகம். 60 கி.மீ. வேகத்தில் போய் விழுந்தவர் தரையில் சறுக்கிக்கொண்டே போவார். உராய்வுக் குணகம் 0.65 என்று வைத்தால், நிற்க சுமார் இரண்டரை நொடி ஆகும், சுமார் 22 மீட்டர் போவார். ஒரு கிரிக்கெட் பிட்ச் அளவு! ஒரு ஸ்டம்ப்பிலிருந்து மறு ஸ்டம்ப் வரை தார் ரோட்டில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு போவது. 100 கி.மீ. வேகம் என்றால் கிட்டத்தட்ட மூன்று பிட்ச். சாதாரண ஜீன்ஸ் துணி இந்தத் தேய்ப்பில் ஆரம்பத்திலேயே கிழிந்துவிடும். மிச்சத் தூரத்துக்குத் தோல்தான். மாட்டின் தோலா, நம் தோலா என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுகிறோம்.

சறுக்கும்போது எதன் மேலும் மோதாமல் நின்றால் பிழைத்துக்கொள்ளலாம். பந்தயத் தடத்தில் வளைவுக்கு வெளியே வெற்றிடம் விட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே சறுக்குகிறவர் பெரும்பாலும் சறுக்கியே நிற்பார். ரோட்டில்? மீடியன் கட்டை, கரண்டு கம்பம், புளியமரம், நிறுத்தி வைத்த டிராக்டர். 60 கி.மீ. வேகத்தில் கம்பத்தில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து விழுவதற்குச் சமம். அதற்கு எந்த ஹெல்மெட்டும் முழுப் பதில் சொல்லாது. என் சந்தேகத்துக்கு விடை கிடைத்துவிட்டது.

உங்களுக்குத் தெரியுமா?

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் தன் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் விலகப் போய் விழுந்தார். ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அவர் பிறகு மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் ராணுவ வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தில் அவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. அங்கே பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973-ல்தான்!

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

நம் பள்ளி மாதிரியேதான். கரும்பலகை, சாக்பீஸ், முன் பெஞ்சில் உட்காரப் பயப்படுகிற பெரிய பெரிய அண்ணன்மார்கள். இருபது நிமிடம் பாடம், இருபது நிமிடம் ஓட்டம், திரும்ப வந்து தப்பு திருத்தம். இப்படியே சாயங்காலம் வரை.

முதலில் கொடிகள். மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் மெதுவாகி வெளியே வந்துவிட வேண்டும். கட்டம் போட்ட கொடி என்றால் நேரம் முடிந்தது.

முதல் ஓட்டத்தில் ஒரே கியர், பிரேக்கே பிடிக்கக் கூடாது! கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலிலும் முதல் பாடம் இப்படித்தானாம். கேட்டால் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். ஆனால் பிரேக் கிடையாது என்று தெரிந்துவிட்டால் யாரும் நேர்ரோட்டில் கண்மண் தெரியாமல் முறுக்க மாட்டார்கள். வளைவு எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று முன்னாலேயே யோசிக்க ஆரம்பிப்பார்கள். வளைவுக்குள் நுழைந்து வண்டி திரும்பியதும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு இல்லாமல், ஒரே சீராகத் திறந்துகொண்டே வர வேண்டும். ஏன் தெரியுமா? ஆக்சிலேட்டரை மூடினால் எடை எல்லாம் முன் சக்கரத்துக்குப் போய்விடும். திறந்தால் அகலமான பின் டயருக்கும் பங்கு போகும். அண்ணன் மணலில் விழுந்த அன்றைக்குச் செய்ததும் அதுதானாம். பயந்துபோய் ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடி, முன் பிரேக்கையும் பிடித்துவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் திருப்புவது. வண்டியை வலது பக்கம் திருப்ப என்ன செய்வீர்கள்? ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்புவோம் என்பீர்கள். தப்பு! வேகமாகப் போகும்போது வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் போகும், வண்டி வலது பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே திரும்பிவிடும். சைக்கிளிலும் இதைத்தான் செய்கிறோம், தெரியாமல் செய்கிறோம். விமானம் கண்டுபிடித்த வில்பர் ரைட் சைக்கிள் கடைக்காரர் இல்லையா, அவரே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

உடம்பைச் சாய்த்தால் போதும், வண்டி திரும்பிவிடும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்காகக் கலிபோர்னியா பள்ளியில் ஒரு வேடிக்கை வண்டி வைத்திருக்கிறார்கள். வழக்கமான ஹேண்டில்பாருக்கு மேலே இன்னொரு ஹேண்டில்பார், அசையாதபடி வண்டிச் சட்டத்தோடு பொருத்தப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவுதான் உடம்பை ஆட்டினாலும் வண்டி கிட்டத்தட்ட நேராகவேதான் போகுமாம்! திடீரென்று ரோட்டில் ஒரு மாடு வந்தால் விலகத் தேவையானது இந்தத் தள்ளல்தான்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்தே ஓட்டினால் பள்ளத்தில்தான் விழுவோம். அதற்காகத் தடத்தில் எங்கே திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று அடையாளம் வைத்து, அதைத் தொடுவதற்கு முன்பே பார்வையை அடுத்த இடத்துக்கு நகர்த்தப் பழக்குகிறார்கள். கீத் கோட் இதற்கு ஒரு கணக்கு சொல்வார். நம் கவனம் பத்து டாலர் நோட்டு மாதிரியாம். நாம் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதிலேயே ஐந்து ரூபாயைச் செலவு செய்துவிட்டால், பார்ப்பதற்கு என்ன மிச்சம்? பாக்கெட்டில் செல்போன் அதிர்ந்தால் அதற்கு ஒரு மூன்று ரூபாய் போய்விடும் என்பது நான் சேர்த்துக்கொண்டது.

மதியம் அண்ணனிடம் "எவ்வளவு ஸ்பீடு போனீங்க?" என்று கேட்டேன். "மீட்டரையே பார்க்கலைடா" என்றார். ஸ்பீடோமீட்டர் மேலும் டேப் ஒட்டிவிட்டார்களாம்.

சரி, எதை எப்படி வாங்குவது?

ஹெல்மெட்: முழு முகத்தையும் மூடுகிறதுதான். தாடை இல்லாத சட்டி ஹெல்மெட் போலீஸுக்காகப் போடுகிறது. நம் நாட்டுத் தரத்தின் எண் ஐ.எஸ். 4151. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்./எல். என்று ஆரம்பிக்கிற உரிமம் எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனாலும் ரோட்டோரத்தில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி விற்கிறார்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த உரிமம் எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா தெரிந்துவிடும். வெளிநாட்டு ஹெல்மெட்டுகளில் ஈ.சி.ஈ. 22.06 என்று இருப்பது ஐரோப்பாவின் இப்போதைய தரம்.

முத்திரையைவிட முக்கியம் அளவு. புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, தலையைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். போட்டதும் கன்னம் இரண்டும் அமுங்கி, பன் தின்கிறவன் முகம் மாதிரி ஆக வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் தோலும் கூடவே அசைய வேண்டும். வாரைக் கட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தூக்கி முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுடையது இல்லை. கடையிலேயே கால் மணி நேரம் போட்டிருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் உங்கள் தலை வடிவத்துக்கு அது சரியில்லை. புது ஹெல்மெட் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், பஞ்சு பிறகு அமுங்கும். "வளர்ற பையன், பெருசா வாங்குங்க" என்பது யூனிஃபார்முக்குச் சரி, ஹெல்மெட்டுக்குக் கூடாது.

மாணவிகளுக்கு ஒன்று. கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் மாட்டினால் அது தலையில் உட்காரவே உட்காராது. தாழ்வாகப் பின்னிச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ளாமல் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள், பின் சக்கரம் இழுத்துவிடும்.

கையுறை: அண்ணன் கதை படித்தீர்களே, விழுகிறவன் கை தானாக முன்னால் போகும். யாராலும் தடுக்க முடியாது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் படகு எலும்பு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. கை ஊன்றி விழுந்தால் முதலில் உடைவதில் அதுவும் ஒன்று. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, சேருவதற்கு ரொம்ப நாள் எடுக்கும். அதனால் நல்ல கையுறையில் உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் வழவழப்பான கட்டிப் பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள். கை தரையில் சிக்கி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். மணிக்கட்டைச் சுற்றிப் பட்டை இல்லாத கையுறை முதல் உருளலிலேயே கழன்றுவிடும்.

பூட்ஸ்: கணுக்காலுக்கு மேலே வர வேண்டும். கையால் முறுக்கிப் பார்த்தால் சுலபமாக முறுங்கக் கூடாது. லேஸ் வெளியே தொங்கினால் கியர் லீவரில் மாட்டும்.

தோல் உடை: இது பந்தயத்துக்குத்தான், ரோட்டுக்கு நல்ல ஜாக்கெட்டும் பேண்ட்டும் போதும். ஒரே உடையாகத் தோலில் தைத்துப் போட்டவர் என்று இங்கிலாந்து பந்தய வீரர் ஜெஃப் டியூக்கைச் சொல்வார்கள், 1950 வாக்கில். அவர் பாதுகாப்புக்காகச் செய்யவில்லை, காற்றுத் தடை குறையட்டும் என்று செய்தார்! எங்கள் பெரியப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். வாடகைக்கு எடுத்த அண்ணனின் உடையை விரலால் நசுக்கிப் பார்த்தே "மாட்டுத்தோல், 1.2 இல்ல 1.3 மில்லி" என்றார். கடையில் ஸ்டைலுக்கு விற்கிற மெத்தென்ற ஜாக்கெட் பெரும்பாலும் செம்மறி ஆட்டுத்தோலாம். "குளிருக்குப் போட்டுக்கலாம், ரோட்டுல இழுத்தா காகிதம்" என்றார். தையலையும் பார்க்கச் சொன்னார். தோல் கிழிவதற்கு முன்னால் ஒற்றைத் தையல்தான் விடும்.

இந்த உடையை நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால் கூன் விழுந்த மாதிரி இருக்கும். வண்டியில் குனிந்து உட்காரும் நிலைக்காக வெட்டியது அது. அதனால் வண்டி மேல் உட்கார்ந்துதான் அளவு பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கும்போது உள்ளே இருக்கிற காப்பு முழங்கை மேலேயே நிற்க வேண்டும், நழுவினால் வீண். இந்தக் காப்புகளுக்கும் ஐரோப்பாவில் தரம் உண்டு. முழங்கை, முழங்கால் காப்பு மேல் எடையைப் போட்டு, மறுபக்கம் எவ்வளவு விசை கடக்கிறது என்று அளப்பார்கள். முதல் நிலை என்றால் சராசரி 35 கிலோநியூட்டனுக்கு மேல் போகக் கூடாது, இரண்டாம் நிலை என்றால் 20. முதுகுக் காப்புக்கு இன்னும் கறார், 18-ம் 9-ம். பல ஜாக்கெட்டில் முதுகுப் பையில் வெறும் ஸ்பாஞ்சைத்தான் வைத்துக் கொடுக்கிறார்கள். வாங்கும்போது கையை விட்டு எடுத்துப் பாருங்கள். மோட்டோஜிபி பந்தயத்தில் 2018 முதல் உடைக்குள் காற்றுப்பையே கட்டாயம், விழ ஆரம்பித்ததுமே உப்பிவிடும். நம் பர்சுக்கு அது இப்போதைக்குப் படத்தில் பார்க்கத்தான்.

பணம் குறைவு என்றால் எதை முதலில் வாங்குவது? அண்ணன் கேட்டதற்குப் பயிற்சியாளர் சொன்ன வரிசை: தலை, கை, கால், அப்புறம் ஜாக்கெட். தோல் உடை பல பத்தாயிரம் ஆகும், அதை வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சைலன்சர் மாற்றுகிற காசில் நல்ல கையுறையும் பூட்ஸும் வந்துவிடும்.

ஒன்றை மறைக்கக் கூடாது

இதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 2023 ஆகஸ்டில் தேசியப் பந்தயத்தின்போது பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது வீரர் ஒருவர் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். நம் எட்டாம் வகுப்புத் தம்பிகளின் வயது. அன்றும் மறுநாளும் இருந்த மற்றப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். உடை, ஹெல்மெட், ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் இருக்கிற இடத்திலேயே அப்படி. பெரியம்மாவின் பயம் அர்த்தமில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியாளரும் சொல்லவில்லை. காலையில் முதல் வார்த்தையாகவே, "இங்க யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வரலை. களைப்பா இருந்தா வெளிய வந்துடுங்க" என்றுதான் ஆரம்பித்தார். கடைசி ஓட்டத்துக்கு அண்ணன் போகவில்லை. கை நடுங்குகிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

நம் வகுப்பில் சிலர் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு டியூஷன் வருவது எனக்குத் தெரியும். (பெயர் எழுத மாட்டேன், பயப்படாதீங்க.) கியர் வண்டிக்கு லைசென்ஸ் 18 வயதில்தான். 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டி மட்டும். 2019 சட்டத் திருத்தத்தின்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. ஓட்டினவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அப்பா ஜெயிலுக்குப் போகிற மாதிரியான டியூஷன் எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டாங்க. பார்த்ததை எல்லாம் சொன்னேன். மீட்டருக்கு டேப் ஒட்டியதைச் சொன்னதும்தான் முகம் கொஞ்சம் மாறியது. கடைசி ஓட்டத்துக்கு அவன் போகவில்லை என்றதும் காபி போட எழுந்து போனாங்க.

போன வாரம் அண்ணன் பெரியம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தார், முழு முகம் மூடுகிறது. கொண்டையோடு மாட்டிப் பார்த்துவிட்டு "மூச்சு முட்டுது, வேண்டாம்" என்றாங்க. நான்தான் டேப் வைத்து அளந்து, ஒரு அளவு பெரியதாக மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். இப்போது பின்னல் போட்டுக்கொண்டுதான் பின்னால் உட்காருகிறாங்க.

அந்த அளவு டேப் என் ஜாமெட்ரி பாக்ஸில்தான் இருக்கிறது. நம் பள்ளி வண்டி ஸ்டாண்டில் கண்ணாடியில் மாட்டியிருக்கும் ஹெல்மெட்டுகளை ஒரு சுற்று பார்த்தேன். சிலவற்றில் வார் அறுந்திருக்கிறது, ஒன்றில் உள்ளே தெர்மோகோலே இல்லை. (எந்த சாருடையது என்று கேட்காதீர்கள்!) அளவு பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் மதிய இடைவேளையில் 11 'ஆ' பிரிவுக்கு ஹெல்மெட்டோடு வரலாம். மாணவர்கள் தங்கள் அப்பா, அம்மா ஹெல்மெட்டையும் கொண்டு வரலாம்.

- 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்